மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு எவ்வளவு நேரம்?

எங்கள் மாடிவீட்டு அம்மாவுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். அங்கே தங்கை பேத்திக்குச் சாமத்திய வீடு, நம் பக்கத்தில் மஞ்சள் நீராட்டு என்பார்களே, அது. போக வேண்டும் என்று முடிவானதும் கீழே இறங்கி வந்தார். "தம்பி, பிளேனிலை எவ்வளவு நேரம் எடுக்கும்?"

போனில் தட்டிப் பார்த்தேன். இரண்டு ஊர்களுக்கு இடையே வான்வழித் தூரமும் நேரமும் கணக்கிட்டுச் சொல்லும் ஒரு பக்கம் 57 நிமிடம் என்றது. டிக்கெட் விற்கும் பக்கம் ஒன்றேகால் மணி நேரம் என்றது. போன மாதம்தான் போய்வந்த அவருடைய மருமகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "அரை நாள் போயிடும் மாமி" என்றார் அவர்.

மூன்றில் ஒன்றைக்கூடப் பொய் என்று தள்ள முடியாது. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில், அவ்வளவுதான்.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். அது ஒன்றுதான் இதில் சண்டை போடாத ஆள். சென்னை விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகை 59 கலையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலி 9 பாகை 47 கலையில். கிழக்கு மேற்காகப் பார்த்தால் சென்னை 80 பாகை 10 கலை, பலாலி 80 பாகை 4 கலை. அதாவது இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி இருக்கின்றன. இப்படி அமைந்த இரண்டு ஊர்களின் தூரத்தைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டரே வேண்டாம். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ஒரு பாகைக்கு 60 கலை. 12 பாகை 59 கலையிலிருந்து 9 பாகை 47 கலையைக் கழித்தால் 3 பாகை 12 கலை. மொத்தம் 192 கலை. கடல் மைல் என்ற அளவு பிறந்ததே இந்தக் கலையிலிருந்துதான்: வடக்கு தெற்காக ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல் மைல். ஆக, 192 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் 355 கிலோமீட்டர் வருகிறது. பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் தட்டை. அதனால் நம் பக்கத்தில் ஒரு கலையின் நீளம் சற்றுக் குறைவு. துல்லியமாகப் பார்த்தால் ஒரு கிலோமீட்டர் குறையும். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

ஆனால் மைலைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. விமானி சொல்வது கடல் மைல், சாலையில் நாம் பேசிப் பழகிய மைல் வேறு. 192 கடல் மைல் என்பது தரை மைலில் சுமார் 221. ஒரே தூரத்துக்கு 192, 221, 355 என்று மூன்று எண்கள் இணையத்தில் கலந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

மீனம்பாக்கம்–பலாலிக்கு இருக்கும் இந்த வசதி எல்லா வழித்தடத்துக்கும் கிடையாது. சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குச் சுமார் 8,230 கிலோமீட்டர். சுவரில் மாட்டிய உலகப் படத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் ஒரு பாதை தெரியும். உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கே வளைந்து காஸ்பியன் கடல் பக்கமாகப் போகும். வளைந்து தெரிகிற அந்த நூல்தான் உண்மையில் குறுக்குவழி. அந்த வழியில்கூட நினைத்தபடி போக முடியாது. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது, சுற்றித்தான் போக வேண்டும். தூரத்தைச் சொல்லும் பக்கங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவை நூல் பிடித்து அளந்து, மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்துப் போட்டுவிடும். 57 நிமிடம் வந்தது அப்படித்தான்.

அங்கேதான் முதல் தப்பு. பலாலிக்கு மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானம் எதுவும் இந்த வழியில் ஓடவில்லை. ஓடுவது ஏடிஆர் 72. இறக்கை தலைக்கு மேலே இருக்கும், இரண்டு பக்கமும் ஆறு தகடு கொண்ட புரொப்பெல்லர் சுழலும், எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையில் பேர் உட்காரலாம். முன்வாசல் வழியாகச் சாமான் ஏற்றுவார்கள், பயணிகள் பின்வாசல் வழியாக, பஸ்ஸில் ஏறுகிற மாதிரி நாலைந்து படி ஏறிப் போவார்கள். அதிகபட்சம் மணிக்கு 510 கிலோமீட்டர் வேகம். பலாலியின் ஓடுபாதை பெரிய ஜெட்டுக்குப் போதாது என்பது ஒரு காரணம். ஜெட் வந்தாலும் பெரிய லாபம் இல்லை என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

355 கிலோமீட்டரை 500 ஆல் வகுத்தால் 43 நிமிடம். பள்ளிக்கூடக் கணக்கு. ஆனால் விமானம் தரையிலிருந்து கிளம்பியதுமே 500-ல் போவதில்லை. ஏறும்போது ஏடிஆர் மெதுவாகத்தான் போகும். சுமார் 18,000 அடி உயரத்துக்குப் போக வேண்டும் என்றால் அந்த ஏற்றத்திலேயே ஐம்பது, அறுபது கடல் மைல் கழிந்துவிடும். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு மனக்கணக்கு உண்டு: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 18,000 அடியிலிருந்து இறங்க 54 கடல் மைல். வேகம் குறைக்க இன்னும் கொஞ்சம். ஏற 55, இறங்க 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 192-ல் மிச்சம் 77 கடல் மைல். மட்டமாக, முழு வேகத்தில் பறப்பது அவ்வளவுதான், இருபது நிமிடம்கூட இல்லை. பெல்ட் விளக்கு அணைந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, காபியா டீயா என்று கேட்டு முடிப்பதற்குள் காது அடைக்க ஆரம்பிக்கிறது என்றால் காரணம் இது.

இதே வழியில் 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஏர்பஸ்ஸை விட்டாலும் ஏற்றமும் இறக்கமும் கூடவே வரும். மிச்சமாகிற நேரம் பத்து, பதினைந்து நிமிடம். எரிபொருள் செலவோ எகிறிவிடும். சென்னையிலிருந்து கொழும்பு கட்டுநாயக்கவுக்குச் சுமார் 645 கிலோமீட்டர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம். அங்கே ஜெட் போகிறது. டிக்கெட்டில் பார்த்தால் அதற்கும் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்தான் போட்டிருப்பார்கள். தூரம் இரட்டிப்பானால் நேரமும் இரட்டிப்பாகும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த இரண்டு டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

அப்புறம், நூல் பிடித்த அந்தக் கோட்டிலும் விமானம் போவதில்லை. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை கிழக்கு மேற்காக, கொஞ்சம் சாய்ந்து கிடக்கிறது. நீளம் 3,658 மீட்டர். விமானம் எப்போதும் எதிர்காற்றில்தான் எழும்ப விரும்பும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது பெரும்பாலும் மேற்கே பார்த்து எழும்பும். மார்கழியில் வடகிழக்குக் காற்று என்றால் கடலைப் பார்த்துக் கிழக்கே. நாம் போக வேண்டியதோ நேர் தெற்கே. ஏறி, திரும்பி, கட்டுப்பாட்டு அறை சொன்ன புள்ளிக்குப் போய், பிறகுதான் தெற்கு. வழியில் சென்னைக் கட்டுப்பாட்டின் எல்லை முடிந்து கொழும்பின் எல்லை தொடங்குகிறது. அந்தக் கைமாற்றமும் குறித்த புள்ளியில்தான் நடக்க வேண்டும், விமானி இஷ்டத்துக்கு இல்லை. பலாலியிலும் ஓடுபாதை நோக்கி வளைந்து வந்துதான் இறங்க வேண்டும். ஏற்றத்தின் மெதுவும் இந்த வளைவு சுளிவுகளும் சேர்ந்து 43 நிமிடத்தை 50, 52 ஆக்கிவிடுகின்றன.

காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். லண்டன் வழியில் காற்றுக்கு நிஜமாகவே பெரிய பங்கு. நடு அட்சரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று இருக்கிறது. போகும்போது எதிர்த்துத் தள்ளும், வரும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். போக வர ஒரு மணி நேரம் வித்தியாசம் வருவது சகஜம். பலாலி வழியில் மணிக்கு 40 கிலோமீட்டர் எதிர்காற்று முழு நேரமும் அடித்தாலும் கூடுவது மூன்று, நான்கு நிமிடம். தாம்பரம் சிக்னலில் நிற்கும் நேரம்.

சரி, 52 நிமிடம் எப்படி டிக்கெட்டில் 75 ஆனது? டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரமே இல்லை. அதற்குத் தொழிலில் பிளாக் டைம் என்று பெயர். நிற்கிற விமானம் உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார்கள், லாரிக்கு வைக்கிற மாதிரியே. அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, அடுத்த ஊரில் நின்று கட்டை வைக்கும்வரை ஆகிற நேரம்தான் டிக்கெட்டில் வருவது. இதில் மீனம்பாக்கத்தில் ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போகிற நேரம் இருக்கிறது. முன்னால் துபாய், சிங்கப்பூர், டெல்லி என்று பெரிய விமானங்கள் வரிசையில் நின்றால் நம் ஏடிஆர் ஜன்னல் வழியே அவற்றின் வாலைப் பார்த்துக்கொண்டு பதினைந்து நிமிடம் நிற்கும். பெரிய விமானம் எழும்பிய பிறகு காற்றில் சுழல் அடங்குவதற்கென்று இரண்டு, மூன்று நிமிடம் தனியாக விட வேண்டும். சின்ன விமானத்துக்கு இந்தப் பொறுமை கட்டாயம். பலாலியில் இதற்கு நேரெதிர். இறங்கியதும் வரிசையும் இல்லை, வேறு விமானமும் அநேகமாக இல்லை. மூன்று நிமிடத்தில் கதவு திறந்துவிடும்.

இதெல்லாம் போக, விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் போடும். குறித்த நேரத்துக்குப் பின் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் 'சரியான நேரம்' என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்பது தொழில் வழக்கம். அட்டவணையிலேயே எட்டு, பத்து நிமிடம் தாராளமாகப் போட்டுவைத்தால் தாமதமாகக் கிளம்பினாலும் சரியாக வந்த பெயர் கிடைக்கும். 'குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்திருக்கிறோம்' என்று அறிவிப்பில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிடமும் நம்மிடமிருந்து கடன் வாங்கியதுதான். ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே விமானம் ஒரே நாளில் நாலைந்து ஊர் போய்வர வேண்டும். காலையில் விட்ட அரை மணி மாலைவரை துரத்தும். கொஞ்சம் நெகிழ்வு இல்லாமல் அட்டவணை போட முடியாது.

இன்னொரு பொறி நேர மண்டலம். சென்னையில் இரவு ஏறி சிங்கப்பூரில் இறங்குகிறவர் டிக்கெட்டில் இரண்டு நேரத்தையும் கழித்துப் பார்த்து ஏழு மணி நேரம் போல என்று நினைப்பார். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. பயணம் நாலரை மணிக்குள்தான். பலாலிக்கு இன்று அந்தத் தொந்தரவு இல்லை, இரண்டு பக்கமும் ஒரே நேரம். இன்று என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அக்டோபரில் அரை மணி பின்னால் இழுத்தது. 2006 ஏப்ரலில் மறுபடி பழைய நேரத்துக்கே வந்தது. விடுதலைப் புலிகள் தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆக, சுமார் பத்து வருடம் ஒரே தீவுக்குள் சோதனைச் சாவடியைத் தாண்டினால் அரை மணி நேரம் மாறியது. புலிகள் வசம் இருந்த வன்னியும் சென்னையும் ஒரே நேரம், கொழும்பு வேறு நேரம்.

அந்த அம்மாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. 355 கிலோமீட்டர் என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு வந்தது. "கிட்டத்தான் தம்பி. எப்பவும் கிட்டத்தான்."

கிட்டத்தில்தான் இருந்தது. 1947 டிசம்பர் 10-ஆம் தேதி ஏர் சிலோனின் முதல் விமானம், 'சீதா தேவி' என்று பெயரிட்ட ஒரு டகோட்டா, கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து கிளம்பி காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை என்று அன்று சொன்னது பலாலியைத்தான். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட தளம் அது. டகோட்டா மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் போகும். 355-ஐ 300 ஆல் வகுத்தால் ஒரு மணி பத்து நிமிடம் சொச்சம். இன்றைய ஏடிஆருக்கு 43 நிமிடம். இவ்வளவு காலத்தில் என்ஜின் நமக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அரை மணிக்கும் குறைவு. அது போதாதென்று ரயிலும் கப்பலும் இருந்தன: எழும்பூரில் போட் மெயில் ஏறி தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்கள் மதவாச்சி வரை தெற்கே போய், வண்டி மாறி, மறுபடி வடக்கே வர வேண்டும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு அந்தப் பாதையும் சுருங்கியது.

பிறகு நேரம் எகிறியது. பலாலியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த விமானங்கள் எழுபதுகளின் கடைசியில் நின்றன. அதற்குப் பின் போர். பலாலி படைத்தளமாகவும் சுற்றுவட்டாரம் உயர் பாதுகாப்பு வலயமாகவும் ஆயிற்று. நாற்பது வருடத்துக்கு மேல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் வருவது என்றால் முதலில் தெற்கே கொழும்புக்குப் போக வேண்டும். சாலையில் சுமார் 400 கிலோமீட்டர், பாதை திறந்திருந்தால் பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 நெடுஞ்சாலை மூடிய வருடங்களில் அதுவும் இல்லை. யாழ்தேவி ரயில் 1990-இல் நின்று 2014 அக்டோபரில்தான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. கொழும்பு போன பிறகு 645 கிலோமீட்டர் பறந்து, கிட்டத்தட்ட கிளம்பிய ஊரின் தலைக்கு மேலேயே கடந்து, வடக்கே சென்னை. 355-ஐக் கடக்க ஆயிரத்துக்கும் மேல். அளவு பார்க்கும் எந்தப் பக்கத்திலும் இந்தத் தூரம் வராது.

2019 அக்டோபர் 17-இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் திறந்தது. நவம்பர் 11-இல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. நாலு மாதம்தான் ஓடியிருக்கும், கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பர் 12-இல் மறுபடி தொடங்கி, 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. இடையில் 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட்டார்கள். அது சுமார் 60 கடல் மைல், நாலு மணி நேரம். நாகை, தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சென்னை வந்து விமானம் ஏறுவதைவிட அதுதான் கிட்டம் என்பேன், கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில்.

விமானத்தில் போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குவது நல்லது. நேர் தெற்கே போகும்போது தமிழகக் கரை அந்தப் பக்கம்தான் வரும்: புதுச்சேரி, கடலூர், காவிரிப் படுகையின் பச்சை, கடைசியில் கோடியக்கரை மூக்கு. அதைத் தாண்டினால் வெறும் கடல். கோடியக்கரையின் அட்சரேகையிலிருந்து பலாலிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், பத்து நிமிடத்துக்கும் குறைவு. வல்வெட்டித்துறைக்காரர்கள் ஒரு காலத்தில் படகில் வந்து இந்தக் கரையில் சினிமா பார்த்துவிட்டுத் திரும்புவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேலேயிருந்து அந்த நீர்ப்பட்டையைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

இவ்வளவையும் சுருக்கி அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப எத்தனை மணிக்கு வெளிக்கிட வேணும்?" என்றார்.

மருமகனும் நானும் சேர்ந்து பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். விமானம் ஒன்றரை மணிக்கு. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் போகச் சொல்கிறார்கள். பெட்டி போடும் கவுண்டர் கிளம்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே மூடிவிடும். பத்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். வளசரவாக்கத்திலிருந்து மீனம்பாக்கம் ஒரு மணி நேரம் வைத்தால் ஒன்பதரை. அந்தப் பக்கம் இரண்டே முக்காலுக்கு இறங்கினால், குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர மூன்றரை. பலாலியிலிருந்து சுன்னாகம் பத்து கிலோமீட்டர் சுமார். நாலு மணிக்குத் தங்கை வீட்டு வாசல்.

"ஒன்பதரைக்குக் கிளம்புங்கோ மாமி, போதும்" என்றார் மருமகன்.

"நான் எட்டு மணிக்கே வெளிக்கிடுறன்" என்றார் அம்மா.